லீவுல பசங்க டிராக்டர் ஓட்டறது, மருந்தடிக்க ஓஸ் இழுக்கறது: எது வரைக்கும் விடலாம்?

மேட்டுத்தோட்டம் (கோபி பக்கம்)

வணக்கமுங்க. இவ்வளவு நாளா படிச்சுட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இப்ப ஒரு விசயம் கேக்கணும். எங்க அண்ணன் பையனுக்கு பதிமூணு வயசு, எட்டாவது போகப்போறான். லீவு விட்டதுல இருந்து டிராக்டர விட்டு எறங்கறதே இல்லீங்க. மொதல்ல காலி வண்டி, அப்புறம் ட்ரெய்லரு, இப்ப மண்ணக் கிளறற ரொட்டவேட்டர பின்னால மாட்டி அவனே ஓட்டறான். அண்ணன் வரப்புல நின்னு வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வெக்கறாரு, சொந்தக்காரங்க எல்லாம் "சிங்கக்குட்டி"ன்னு கமெண்ட் போடறாங்க. அதுல ஒரு வீடியோவுல மட்கார்டு மேல அவன் தங்கச்சி, எட்டு வயசுப் புள்ள, ஒரு கையில குச்சி ஐஸ், இன்னொரு கையில சும்மா பேருக்கு கம்பியப் புடிச்சுட்டு உக்காந்திருக்குது, அதுக்கு ரெண்டடி பின்னால ரொட்டவேட்டர் சுத்திட்டிருக்குது. எனக்கு வயித்தக் கலக்கிருச்சுங்க. சொன்னா "நீ கோயமுத்தூர்ல ஏசில உக்கார்றவன், உனக்கென்ன தெரியும்"ங்கறாரு.

பசங்க தோட்டத்துப் பக்கமே வரக்கூடாதுன்னு நான் சொல்லல. வேல தெரியாம வளந்தா நாளைக்கு யாரு பண்றது. ஆனா எத விடலாம் எத விடவே கூடாதுன்னு வெவரமா சொல்றவங்க சொன்னா அண்ணனுக்கு காட்டலாம்னு பாக்கறேன். சும்மா "பாத்து பத்திரம்" மட்டும் வேண்டாமுங்க, அத எங்கம்மாவே தெனமும் சொல்லிட்டுதான் இருக்காங்க.

பெருசு_தாராபுரம்

தம்பி நாங்க ஒம்போது வயசுல ஏத்தம் எறச்சோம், பத்து வயசுல ஏர் புடிச்சோம், கெணத்துல குதிச்சு தானா நீச்சல் கத்துக்கிட்டோம். ஒண்ணும் ஆகல. இப்ப இருக்கற பசங்கள செல்லு குடுத்து கெடுத்ததுதான் மிச்சம். வண்டி ஓட்டறான்னா சந்தோசப்படு, தடுக்காத.

ஸ்பேனர்_பதினாலு (ஒட்டன்சத்திரம்)

ஐயா மன்னிக்கணும், ஏர் மாடு நில்லுன்னா நிக்கும். டிராக்டர் பின்னால ரொட்டவேட்டர சுத்த வெக்கற தண்டு இருக்கே, பிடிஓ, அது நிக்காது.

மேட்டுத்தோட்டம் அண்ணே, நான் டிராக்டர் மெக்கானிக், இதச் சொல்லியே ஆகணும். ரொட்டவேட்டர் ஓட்டும்போது பிடிஓ ஷாப்ட் நிமிசத்துக்கு 540 சுத்து. அப்படின்னா ஒரு செகண்டுக்கு ஒம்போது சுத்து. துப்பட்டா நுனியோ லுங்கியோ அதுல பட்டுச்சுன்னா "ஐயோ"ன்னு சொல்ல வாய் தொறக்கறதுக்குள்ள ஆளையே இழுத்து சுத்திரும். டிரைவர் திரும்பிப் பாத்து கிளட்ச்ச அமுக்கறதெல்லாம் அதுக்கப்புறம்தான். கம்பெனில இருந்து வரும்போது ஷாப்ட் மேல பிளாஸ்டிக் கவரும், வண்டி பின்னால தகரத்துல ஒரு மூடியும் இருக்கும். கிரீஸ் அடிக்க எடஞ்சலா இருக்குன்னு மொத சர்வீஸுக்கு முன்னாடியே கழட்டி கட்டுத்தரை மூலைல போட்டுர்றாங்க. எங்கிட்ட வர்ற வண்டில பத்துக்கு எட்டு மொட்ட ஷாப்டுதான்.

மட்கார்டு மேட்டருக்கு வர்றேன். அது உக்கார்ற எடமே கெடையாது. ஒரு வரப்பு ஏறி எறங்கற குலுக்கல்ல முன்னால விழுந்தா பெரிய டயருக்கு அடில, பின்னால விழுந்தா ரொட்டவேட்டர்ல. பெரியாளுக்கே அதுதான் கதி, ஐஸ் சாப்புடற புள்ளய உக்கார வெச்சு வீடியோ வேற. ஓட்றவனுக்கு ஒரு சீட்டு, வண்டில ஒரே ஆளு, அவ்ளோதான். இதுல வயசுக்கணக்கே கெடையாது.

பையன் ஓட்டலாமான்னு கேட்டா ஒரு டெஸ்ட் சொல்றேன். வண்டி ஆஃப்ல இருக்கும்போது சீட்ல சாஞ்சு உக்காரச் சொல்லுங்க. கிளட்ச்சையும் பிரேக்கையும் அடிவரைக்கும் அமுக்கச் சொல்லுங்க. இடுப்பு சீட்ட விட்டு நகந்துச்சுன்னா, இல்ல எந்திரிச்சு நின்னு மிதிச்சான்னா, அந்த வண்டி அவனுக்கு இல்ல. பதிமூணு வயசுல முக்காவாசிப் பேர் எந்திரிச்சுதான் மிதிப்பான். அவசரத்துல எந்திரிச்சு மிதிக்க டைம் இருக்காது.

இன்னொண்ணு ரொம்பப் பேருக்குத் தெரியாது. டிராக்டர்ல லெப்ட் சக்கரத்துக்கு ஒரு பிரேக், ரைட் சக்கரத்துக்கு ஒரு பிரேக், ரெண்டு பெடல். காட்டுல திருப்பறதுக்கு தனித்தனியா மிதிப்போம், ரோட்டுக்கு வந்தா ரெண்டையும் சேத்து லாக் போடணும். லாக் போடாம டாப் கியர்ல வந்து ஒரு பெடல மட்டும் மிதிச்சா வண்டி அப்படியே கவுந்துரும். நம்மூர் வண்டி பெரும்பாலானதுக்கு மேல ரோல் பார் (கவுந்தா ஆளு நசுங்காம தாங்கற இரும்புச் சட்டம்) கெடையாது, கவுந்தா அடில ஓட்றவன்தான். சுவீடன்ல 1959லயே புது வண்டிக்கெல்லாம் அது கட்டாயம்னு கொண்டாந்துட்டாங்க. நம்மாளுங்க அந்த எடத்துல ஸ்பீக்கர் பாக்ஸ் மாட்றாங்க.

காவிரிக்கரை (மன்னார்குடி)

எங்க பக்கம் கேஜ் வீல் (சேத்துல ஓட்ட டிராக்டருக்கு மாட்ற இரும்புச் சக்கரம்) கதை தனி. சேத்துழவு ஓடும்போது கொக்கு பின்னாடியே வரும், கொக்கு பின்னாடி சின்னப் பசங்க வருவானுங்க, சேத்துல மீனு கெளம்பும்ல அதப் புடிக்கத்தான். டிரைவருக்கு பின்னாடி என்ன நடக்குதுன்னு தெரியாது, இன்ஜின் சத்தத்துல கத்துனாலும் கேக்காது. ரிவர்ஸ் எடுத்தா முடிஞ்சுது. எங்க தெருவுல நாங்க ஒரு ஏற்பாடு பண்ணோம், உழவு ஓட்ற வயல்ல வேற யாராச்சும் கால் வெச்சா வண்டிய நிறுத்திறணும், நிறுத்துனா அந்த நேரத்துக்கும் வாடகை உண்டுன்னு வயக்காரர்கிட்ட சொல்லிட்டோம். காசுன்னு வந்ததும் வயக்காரரே கம்ப எடுத்துட்டு பசங்கள வெரட்ட ஆரம்பிச்சுட்டாரு.

சட்டம் கேட்டா அண்ணன்கிட்ட இதையும் சொல்லுங்க. 2019ல மோட்டார் வாகனச் சட்டத்தத் திருத்தி 199ஏன்னு ஒண்ணு சேத்தாங்க. பதினெட்டு முடியாதவன் ரோட்ல வண்டி ஓட்டி மாட்னா அப்பன் இல்ல வண்டி ஓனருக்கு 25,000 ரூபா அபராதம், மூணு வருசம் வரைக்கும் ஜெயில், வண்டி ஆர்சி ஒரு வருசத்துக்கு கேன்சல், பையனுக்கு இருபத்தஞ்சு வயசு வரைக்கும் லைசென்ஸ் கெடையாது. டிராக்டரும் வண்டிதான். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடுவுல பஞ்சாயத்து ரோடு இருந்தா அதுவும் ரோடுதான். அந்த ஸ்டேட்டஸ் வீடியோ அவரே எடுத்து வெச்ச சாட்சி.

மேட்டுத்தோட்டம்

காவிரிக்கரை அண்ணா, அந்த 25 வயசு லைசென்ஸ் மேட்டர் எனக்கே புதுசு. அவன் போலீஸ் ஆகணும்னு சொல்லிட்டு திரியறான், அதச் சொன்னா அவனே எறங்குவான் போல.

சுகாதார_அக்கா

கிராமத்து பிஎச்சில நர்ஸா இருக்கேன். எல்லாரும் டிராக்டரயே பேசறீங்க, சத்தமில்லாம நடக்கறது மருந்துதான்.

பவர் ஸ்பிரேயர் வந்ததுக்கப்புறம் ஓஸ் இழுக்க ஒரு ஆள் வேணும். கூலிக்கு ஆள் கெடைக்காது, லீவுல பையன் சும்மாதான இருக்கான்னு கூப்பிட்டுக்கறாங்க. அப்பா மூக்குல துண்டு கட்டியிருப்பார், பையன் டிராயரும் பனியனுமா பின்னால ஓஸ் புடிச்சு வருவான். காத்து திரும்புனா மொத்தமும் அவன் மேலதான். சாயந்தரம் வாந்தி, தலசுத்தல், வாயில எச்சில் ஊறுது, வேத்துக் கொட்டுது, கண்ணு பாவை ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கும். கூட்டிட்டு வர்றவங்க "வெயில்ல நின்னான் சிஸ்டர், பித்தம்"னு சொல்வாங்க. மருந்தடிச்சானான்னு நாங்க கேட்டாத்தான் சொல்வாங்க. மோனோகுரோட்டபாஸ், குளோர்பைரிபாஸ் மாதிரி மருந்தெல்லாம் வாய் வழியாத்தான் போகணும்னு இல்ல, தோல் வழியாவே உள்ள போகும். சின்னப் பசங்களுக்கு எடைக்கு தோல் பரப்பு ஜாஸ்தி, அதனால பெரியவங்கள விட சீக்கிரம் ஏறும். பெரியாளுங்களே தாங்கல, 2017ல மகாராஷ்டிரா யவத்மால்ல பருத்திக்கு மருந்தடிச்சே 20 பேருக்கு மேல போனாங்க.

டப்பாவுல டைமண்ட் மாதிரி ஒரு கட்டம் இருக்கும், அதோட கீழ்ப்பாதி கலர பாருங்க. சிவப்புன்னா கடும் விஷம், அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், பச்சை. பச்சைன்னா ஒண்ணும் பண்ணாதுன்னு அர்த்தம் இல்ல. எந்தக் கலரா இருந்தாலும் பதினெட்டுக்குக் கீழ இருக்கறவங்க ஓஸ் புடிக்க வேணாம், மருந்து கலக்க வேணாம், அடிச்ச சட்டைய தொவைக்கவும் வேணாம். அந்தத் தொவைக்கற வேல பொண்ணுங்க தலைலதான் விழுது, அத யாரும் மருந்து வேலைன்னு கணக்குலயே எடுக்கறதில்ல.

அப்படி ஏதாச்சும் ஆயிட்டா மொதல்ல துணிய கழட்டி சோப்புத் தண்ணில தல முதல் கால் வரைக்கும் கழுவுங்க. வாந்தி எடுக்க வெக்காதீங்க, உப்புத்தண்ணி, சாணிக் கரைசல் எதுவும் வேணாம், அது நுரையீரல்ல போய் ரெண்டாவது பிரச்சனை ஆயிரும். 108க்கு போன் பண்ணுங்க, டப்பாவ கையோட எடுத்துட்டு வாங்க. டப்பா இல்லாம வந்தா எந்த மருந்துக்கு எதக் குடுக்கறதுன்னு நாங்க முழிக்கணும். டெல்லி எய்ம்ஸ் விஷத் தகவல் மையம் 1800 116 117, இலவச நம்பர்.

தேங்கா_மட்டை

அக்கா மோனோகுரோட்டபாஸ் தட பண்ணிட்டாங்கன்னு கேள்விப்பட்டேனே? எங்கூர்ல தென்னைக்கு வேர்ல கட்றதுக்கு இன்னும் பேசிக்கிறாங்க.

சுகாதார_அக்கா

காய்கறிக்கு ரொம்ப முன்னாடியே தட. தமிழ்நாட்டுல 2023ல மோனோகுரோட்டபாஸ், அசிபேட், புரொபனோபாஸ், குளோர்பைரிபாஸ் எல்லாம் சேத்து ஆறு மருந்துக்கு 60 நாள் தட போட்டாங்க, எலி பேஸ்ட்ட நிரந்தரமாவே தட பண்ணாங்க. அதே வருசம் மோனோகுரோட்டபாஸ் 36 எஸ்எல்ங்கற திரவ மருந்துக்கு மத்திய அரசும் தட ஆர்டர் போட்டுச்சு, பழைய ஸ்டாக்க வித்து முடிக்க டைம் குடுத்து. இதெல்லாம் கடைக்குத்தான். உங்க வீட்டு பரண்ல அர டப்பா கெடக்கறது எந்த ஆர்டருக்கும் தெரியாது.

மிச்சம் இருக்கறத கூல்ட்ரிங்ஸ் பாட்டில்ல ஊத்தி வெக்கறத மொதல்ல நிறுத்துங்க. களைக்கொல்லில பாராகுவாட்னு ஒண்ணு இருக்கு, கலர்த்தண்ணி மாதிரியே இருக்கும், அதுக்கு மாத்து மருந்தே கெடையாது. காலி டப்பாவுக்கும் இதேதான். 2013ல பீகார் சரண் மாவட்டத்துல ஸ்கூல் மத்தியானச் சாப்பாடு சாப்ட்டு 23 புள்ளைங்க செத்துச்சுங்க, சமையல் எண்ணெய்ல மோனோகுரோட்டபாஸ் கலந்திருந்துச்சு. நம்மூர்ல மருந்து கேன கழுவி நீச்சல் கத்துக்க முதுகுல கட்டி விடறத நானே பாத்திருக்கேன். ஓட்ட போட்டு நசுக்கிருங்க.

பெருசு_தாராபுரம்

கேன் விசயம் சரிதான் அம்மணி. எங்க காலத்துல சொரக்குடுக்கை கட்டுவோம்.

பிளஸ்டூ_பையன்

அண்ணாஸ் அக்காஸ் நான் 17. நீங்க எல்லாரும் எங்களப் பத்தி பேசறீங்க அதான் நானும் சொல்றேன். டிராக்டர் எனக்கு பயமா இல்ல, உண்மைய சொன்னா ஜாலியா இருக்கும். எனக்கு பயம்னா ராத்திரி மோட்டார் போடப் போறதுதான். த்ரீ பேஸ் கரண்ட் முறை ராத்திரி வந்தா அப்பா நாள் பூரா வேல பாத்துட்டு அசந்து தூங்குவாரு, அம்மா என்னத்தான் எழுப்பும். செருப்பு ஈரத்துல வழுக்கும்னு வெறுங்கால்ல போவேன், செல்லு டார்ச்சு. மோட்டார் ரூம் கதவு தகரம், மழை பேஞ்சா தொட்டாலே சுர்ர்னு இருக்கும், குச்சிய வெச்சு தள்ளி தொறப்பேன். போனவாரம் ஸ்டார்ட்டர் பெட்டிக்கு அடில கட்டுவிரியன் சுருண்டு கெடந்துச்சு. வீட்ல சொன்னா "பாத்து போடா". இதுக்கு என்ன பண்றது?

கம்பியாள் (மின்வாரியம், ஓய்வு)

தம்பி, கதவு சுர்ர்னு இருக்கறது சாதாரணமா எடுத்துக்காத. நாளைக்கே அப்பாகிட்ட இந்த பதிவ காட்டு. அந்த ரூம்ல எங்கயோ ஒயர் தோல் உரிஞ்சு தகரத்துல படுது, எர்த் கம்பி அத்துப் போயிருக்கு இல்ல போடவே இல்ல. முப்பது வருசம் கம்பத்துல ஏறுனவன் சொல்றேன், மோட்டார் ரூம்ல செத்தவங்கள்ல மொத நாளே செத்தவங்க கம்மி, "லேசா ஷாக் அடிக்குது"ன்னு மாசக்கணக்கா சொல்லிட்டே இருந்து ஒரு மழை நாள்ல போனவங்கதான் ஜாஸ்தி. கரி உப்பு போட்டு குழி தோண்டி எர்த் பைப் எறக்க ஆகற செலவு ஒரு மூட்டை உர வெலைய சுத்தித்தான் வரும். கூடவே கரண்ட் கசிஞ்சா தானா கட் ஆகற லீக்கேஜ் பிரேக்கர் ஒண்ணு போடச் சொல்லு. லைசென்ஸ் இருக்கற ஒயர்மேன கூப்புடுங்க, கிரிக்கெட் ஆட்ற பக்கத்து வீட்டு பையன வெச்சு பாக்காதீங்க. ரெண்டு பேஸ் மட்டும் வரும்போது கண்டென்சர் போட்டு மோட்டார் ஓட்றீங்களா? அதுல சுவிட்ச் ஆஃப் பண்ண பிறகும் கரண்ட் நிக்கும், அதுல கை வெக்காத.

ராத்திரி போறதுக்கு சிம் கார்டு போட்ட செல்போன் ஸ்டார்ட்டர் இருக்கு, வீட்ல இருந்தே போன் அடிச்சா மோட்டார் ஓடும், நிக்கும், தண்ணி இல்லன்னா தானா ஆஃப் ஆகும். வாய்க்கா மடை திருப்ப ஆள் போகத்தான் வேணும், இருந்தாலும் பாதி நடை மிச்சம்.

காட்டுப்பன்னிக்கு லைன்ல இருந்து நேரா கம்பி வேலிக்கு கரண்ட் குடுக்கறவங்களுக்கும் ஒரு வார்த்த. 2023 மார்ச்ல தர்மபுரி மாரண்டஹள்ளி பக்கம் அப்படி ஒரு வேலில மூணு யானை செத்துச்சு. பந்து எடுக்கப் போற புள்ள எந்த மூலைக்கு? சோலார் வேலின்னா எனர்ஜைசர் வழியா துடிப்பு துடிப்பா வரும், அடிச்சா தூக்கிப் போடும், ஆள விட்ரும். நேர் கரண்ட் புடிச்சுக்கும்.

சுகாதார_அக்கா

தம்பி கட்டுவிரியன்னு சொன்னதும் பகீர்னு ஆயிருச்சு. அது கடிச்சா வலிக்காது, பல் தடமும் சரியா தெரியாது, வீங்கவும் வீங்காது. வயித்து வலின்னு சொல்வாங்க, இமை தானா மூடும், பேச்சு கொழறும், அப்புறம் மூச்சு. வயித்து வலின்னு ஓமத்தண்ணி குடுத்துட்டு படுக்க வெச்சுட்டா காலைல எழுப்ப முடியாது. ராத்திரி தரைல படுக்கற புள்ளைங்கதான் இதுல ஜாஸ்தி. கட்டில் வாங்கிப் போடுங்க, கொசுவலைய பாய்க்கு அடில சொருகுங்க, அதவிட நல்ல வைத்தியம் கெடையாது. வயக்காட்டுக்கு முழங்கால் வரைக்கும் பூட்ஸ், நல்ல டார்ச், கைல குச்சி.

கடிச்சா கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, உறியாதீங்க, பாம்ப அடிச்சு கொண்டாரணும்னு அத தேடி நேரம் போக்காதீங்க. கடிபட்ட கைகால ஆட்டாம நேரா விஷமுறிவு ஊசி இருக்கற ஆஸ்பத்திரிக்கு வாங்க. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே ஊசிதான். அந்த விஷத்த எடுத்துத் தர்றது வடநெம்மேலில 1978ல இருந்து நடக்கற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம். சின்னப் புள்ளைக்கு பாதி ஊசி போதும்னு சிலர் சொல்வாங்க, அது தப்பு, பாம்பு புள்ளைன்னு பாத்து கொறச்சு விஷம் எறக்கறதில்ல, டோஸ் ஒண்ணுதான். இந்தியாவுல 2000ல இருந்து 2019 வரைக்கும் பாம்புக்கடில 12 லட்சம் பேர் செத்திருப்பாங்கன்னு ஒரு மதிப்பீடு. 2024 நவம்பர்ல இருந்து தமிழ்நாட்டுல ஒவ்வொரு பாம்புக்கடியும் ஆஸ்பத்திரி அரசுக்கு சொல்லியே ஆகணும்னு ஆர்டர் இருக்கு. பாதிப் பேர் நேரா மந்திரிக்கத்தான் போறாங்க, அது எங்க கணக்குல வரும்.

இன்னொண்ணு, புல்லறுத்துட்டு வந்த புள்ளைக்கு விடாத காய்ச்சல்னா அக்குள், இடுப்பு, தொடை இடுக்குல சிகரெட் சுட்ட மாதிரி கருப்பா பொருக்கு இருக்கான்னு பாருங்க. ஸ்க்ரப் டைபஸ், உண்ணிக் காய்ச்சல். சீக்கிரம் கண்டுபுடிச்சா சாதாரண மாத்திரைல போயிரும்.

ஜாக்டோ_டீச்சர் (சின்னசேலம்)

எல்லாரும் அவங்கவங்க தோட்டத்துல அவங்க புள்ளைன்னு பேசறீங்க. அடுத்தவங்க தோட்டத்துக்கு கூலிக்குப் போற புள்ளைங்க யாருக்கும் ஞாபகம் வரலையா? எங்க பக்கம் ஒட்டுப் பருத்தி விதை எடுக்கற காடு இருக்கு. சாயந்தரம் மொட்ட பிரிச்சு ஆண் பாகத்த கிள்ளணும், மறுநாள் காலைல வேற செடிப் பூவ கொண்டாந்து தேய்க்கணும். உயரம் கம்மியா, வெரல் சின்னதா இருந்தா வேகமா நடக்கும்னு பொம்பளப் புள்ளைங்களத்தான் கேக்கறாங்க. காலைல மொத ரெண்டு பீரியட் அட்டெண்டன்ஸ்ல ஓட்ட விழுந்தா சீசன்னு அர்த்தம். அது மருந்து அடிச்ச செடி, கை பூரா அதுலதான்.

2016ல குழந்தைத் தொழிலாளர் சட்டத்த திருத்துனாங்க, பதினாலுக்குக் கீழ எந்த வேலைக்கும் வெக்கக் கூடாது, குடும்பத் தொழில்ல ஸ்கூல் நேரம் போக மிச்ச நேரத்துல, ஆபத்தில்லாத வேலைன்னா மட்டும் ஒத்தாசை பண்ணலாம்னு. அந்த ஒரு சந்துல எல்லாரும் சித்தப்பா பெரியப்பா ஆயிட்டாங்க. கேட்டா "எங்க மாமா காடு டீச்சர்". இந்த இழைல மேட்டுத்தோட்டம் அண்ணன் மாதிரி கேக்கறதுக்கு அந்தப் புள்ளைங்களுக்கு ஒரு சித்தப்பா இல்ல. குழந்தைங்க உதவி நம்பர் 1098க்கு போன் பண்ணா வர்றாங்க, பண்ணியிருக்கேன்.

பெருசு_தாராபுரம்

டீச்சரம்மா, கூலிக்கு போகாட்டி அந்த வீட்ல அடுப்பு எரியாது. அதயும் பாக்கணும்ல?

ஜாக்டோ_டீச்சர்

பாக்கறேன் ஐயா. பெரியவங்களுக்கு சரியான கூலி குடுத்தா அடுப்பு எரியும். புள்ளைய கூப்பிடறது கூலி கம்மிங்கறதாலதான்.

வன்னிக்காணி (வவுனியா)

வணக்கம். எங்கட பக்கமும் இதே கதைதான், டிராக்டருக்குப் பதிலா லான்ட்மாஸ்டர், ரெண்டு சில்லு உழவு மெசின். பத்து வயசுப் பெடியன் ஹாண்டில பிடிச்சபடி றோட்டில நெல்லு மூட்டையோட போவான்.

மருந்து பற்றி ஒண்டு சொல்ல வேணும். இலங்கையில ஒரு காலத்தில தோட்டக்காணி வீடுகளில இளம் பிள்ளையள் கோபத்தில, பரீட்சை சரிவராமல், காதல் பிரச்சனையில அந்த நிமிசத்தில கைக்கு எட்டினதைக் குடிச்சுத்தான் கனபேர் செத்தவை. சாகவேணும் எண்டு மாசக்கணக்கா யோசிச்சுச் செய்யிறேல்ல, ஒரு அரை மணித்தியாலக் கோபம். அரசாங்கம் 1995 அளவில இருந்து விஷம் கூடின மருந்துகள ஒண்டொண்டாத் தடை செய்தது, எண்டோசல்பான், பிறகு பாராகுவாட், டைமெத்தோவேட் எண்டு. தற்கொலை பாதிக்கும் கீழ விழுந்தது. விளைச்சல் அதால குறையேல்லை எண்டும் பார்த்திருக்கினம். அநுராதபுரப் பக்கம் 180 கிராமத்தில பெரிய ஆய்வு ஒண்டு நடந்தது, பாதிக் கிராமத்துக்கு வீட்டுக்கு வீடு பூட்டுப்பெட்டி குடுத்தவை. 2017ல முடிவு வந்தது, பெட்டியால வித்தியாசம் இல்லை. திறப்பு ஜன்னல் மேலதானே கிடக்கும், பக்கத்து வீட்டில, கடையிலயும் மருந்து கிடைக்கும். ஆக விஷம் கூடினதை ஊருக்குள்ளயே விடாமல் பண்ணினதுதான் வேலை செய்தது.

சுகாதார_அக்கா

சரியா சொன்னீங்க அண்ணா. இங்க காட்டுமன்னார்கோயில் பக்கம் வீட்ல வெக்காம ஊருக்குப் பொதுவா ஒரு ஸ்டோர் கட்டி, ஒவ்வொருத்தருக்கும் லாக்கர் குடுத்து மருந்து வெக்கற முயற்சி நடந்துச்சு, வீட்டுப் பூட்டுப்பெட்டிக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு, வீட்டுக்குள்ளயே மருந்து இல்ல. நான் வீட்டுக்கு வீடு போறப்ப சொல்றது என்னன்னா, அடிக்கற அன்னைக்கு தேவையான அளவு மட்டும் வாங்குங்க, சேத்து வெக்காதீங்க. படிக்கற பசங்க யாராச்சும் மனசு சரியில்லாம இத படிச்சா 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ், இருபத்துநாலு மணி நேரமும், தமிழ்ல பேசுவாங்க.

காவிரிக்கரை

தண்ணிய விட்டுட்டோமே. ஆழ்துளைக் கெணறு மூடறது பத்தி 2010லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு, தண்ணி வரலன்னா அடில இருந்து மேல வரைக்கும் மண்ணு கல்லு போட்டு நெரப்பணும், ஓடறதுக்கு இரும்புத் தகட்ட போல்ட் போட்டு மூடணும்னு. அதுக்கு ஒம்போது வருசம் கழிச்சு 2019 அக்டோபர்ல மணப்பாறை நடுக்காட்டுப்பட்டில ரெண்டு வயசுப் புள்ள உள்ள போச்சு, தமிழ்நாடே நாலு நாள் டிவி முன்னாடி உக்காந்திருந்துச்சு. அந்த வாரம் ஊர் ஊரா மூடி போட்டாங்க. இப்ப எங்க பக்கத்துலயே சாக்கு போட்டு கல்லு வெச்ச குழி இருக்கு, நேத்துதான் பாத்தேன்.

தேங்கா_மட்டை

பண்ணைக்குட்டைய யாரும் சொல்லல. கருப்பு பிளாஸ்டிக் ஷீட் விரிச்ச குட்டை இருக்குல்ல, அது கெணத்த விட மோசம். பாக்க ஆழமில்லாத மாதிரி இருக்கும், கால் நனைக்க எறங்குனா ஷீட்ல பாசி புடிச்சு வழுக்கும், நீச்சல் தெரிஞ்சவனாலயே மேல ஏற முடியாது, புடிக்க ஒண்ணுமே இல்ல. நாங்க நாலு பக்கமும் மேல கொம்பு நட்டு, முடிச்சு போட்ட வடக்கயித்த தண்ணி வரைக்கும் தொங்க விட்ருக்கோம், ரெண்டு பழைய லாரி டியூப காத்தடிச்சு கட்டியும் போட்ருக்கோம். சுத்தி கம்பிவலை அப்புறம்தான் போட்டோம், காசு சேந்தப்புறம். கயிறு அன்னைக்கே கட்டலாம்.

பாழுங்கெணத்துல ஆட்டுக்குட்டி விழுந்துச்சுன்னு பையன எறக்கறதும் வேணாம். கீழ கெட்ட காத்து நிக்கும், மொத ஆள் மயங்குவான், தூக்கப் போற ரெண்டாவது ஆளும் போவான். ஃபயர் சர்வீஸ் 101, ஆட்டுக்குட்டிக்கும் வருவாங்க.

பிளஸ்டூ_பையன்

அப்பாகிட்ட கம்பியாள் தாத்தா போட்டத காட்டுனேன். மொதல்ல திட்டுனாரு, ஊரெல்லாம் சொல்லுவியான்னு. அப்புறம் அவரே டெஸ்டர் வெச்சு கதவுல பாத்துட்டு எதுவும் பேசல. ஒயர்மேன் ஞாயித்துக்கெழம வர்றாரு. செல்போன் ஸ்டார்ட்டர் வெல எவ்ளோ வரும் தாத்தா? டவர் ஒரு கோடுதான் காட்டும், வேல செய்யுமா?

கம்பியாள்

ஒரு கோடு போதும், ஆண்டெனா ஒயர ரூமுக்கு வெளிய நீட்டி வெக்கச் சொல்லு. மானியத்துல குடுக்கறாங்களான்னு வேளாண் பொறியியல் துறை ஆபீஸ்ல கேட்டுட்டு வாங்குங்க. ஞாயித்துக்கெழம வரைக்கும் அந்த ரூம் பக்கம் நீயும் போகாத, அப்பாவும் போக வேணாம், பியூச எடுத்துரச் சொல்லு.

மேட்டுத்தோட்டம்

எல்லாத்தையும் அண்ணிகிட்ட படிச்சுக் காட்டுனேனுங்க, அண்ணன்கிட்ட இல்ல. அதுதான் வேல செஞ்சுது. பாப்பா மட்கார்டுல ஏறக்கூடாதுன்னு அண்ணி ஒரே வார்த்தைல சொல்லிட்டாங்க, ஓஸ் இழுக்க இனி அண்ணனே கூலிக்கு ஆள் வெக்கறேன்னாரு. டிராக்டர் மட்டும் இழுபறி. அந்த கிளட்ச் டெஸ்ட்ட அண்ணன் நெசமாவே வெச்சுப் பாத்தாரு, பையன் சீட்டு நுனிக்கு வந்துதான் மிதிக்கறான். இப்போதைக்கு ரொட்டவேட்டர் இல்லாம, பக்கத்துல யாரும் இல்லாம, மொதல் கியர்ல, அண்ணன் பாக்கும்போது மட்டும் காட்டுக்குள்ளன்னு பேசி வெச்சிருக்காங்க. எனக்கு அதுலயும் முழுசா இஷ்டமில்ல, சண்டை பெருசாகாம அடுத்த லீவு வரைக்கும் ஓட்டலாம்னு விட்டுட்டேன்.

ஸ்பேனர் அண்ணா, மூலைல கெடந்த ஷாப்ட் கவர தேடுனோம், கறையான் புடிச்ச சாக்குல வெறும் சங்கிலி மட்டும்தான் இருந்துச்சு. தனியா வாங்க கெடைக்குமா? பின்னால இருக்கற தகர மூடியும் இல்லீங்க. வண்டி பழசு, 2006 மாடலு.

ஸ்பேனர்_பதினாலு

மொத கியரும் எனக்கு ஒப்பல, சீட்டு நுனிக்கு வர்றவன் எந்த கியர்லயும் சீட்டு நுனிக்குத்தான் வருவான். சரி, கவருக்கு வர்றேன். ஷாப்ட் கவர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைல தனியா கெடைக்கும், ஷாப்ட் நீளத்த ஒரு முனை கிராஸ் (மடங்கற ஜாயிண்ட்) நடுவுல இருந்து மறுமுனை கிராஸ் நடு வரைக்கும் டேப்ல அளந்துட்டுப் போங்க, ரொட்டவேட்டர எறக்கி வெச்சு ஒரு அளவு, தூக்கி வெச்சு ஒரு அளவு. சங்கிலிய தூக்கிப் போட்றாதீங்க, அதுலதான் கவர் சுத்தாம வண்டியோட கட்டி நிக்கும். தகர மூடிய லேத்துலயே மூணு மில்லி தகட்டுல வளைச்சு அடிச்சுத் தருவாங்க. வண்டி பின்பக்கம் பிடிஓ கிட்ட ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க, போல்ட் ஓட்ட ரெண்டா நாலான்னு பாத்துட்டு அளவு சொல்றேன். போட்டோ எடுக்கறப்ப இன்ஜின் ஆஃப்ல இருக்கட்டும், சாவி உங்க பைல.